சைக்கிள் ஃப்ரேம் பிரேசிங்குக்கு எந்த ரெகுலேட்டர்? கடையில் கொடுப்பதையே வாங்கலாமா?

ரெண்டுசக்கரம்

வணக்கம். லக் (குழாய்கள் சேருமிடத்து உறை) வைத்த குரோமோலி எஃகு சைக்கிள் ஃப்ரேம், கூடவே ஃபோர்க், ரேக் வேலைகள். எல்லாம் பிரேசிங், அதாவது பித்தளை, வெள்ளிக் கம்பியை உருக்கி ஒட்டுவது. டார்ச் முடிவாகிவிட்டது: சின்னக் கைப்பிடி, ஈக்வல் பிரஷர் வகை (இரண்டு வாயுவும் தத்தம் அழுத்தத்திலேயே வருவது), நாசில் துளை 0.8, 1.0, 1.2 மி.மீ. ஆக்சிஜன் வழக்கமான 7 கன மீட்டர் சிலிண்டர். எரிவாயு எல்.பி.ஜி., வணிக சிலிண்டர்தான்.

கோவையில் எந்தக் கடையில் ஆக்சிஜன் ரெகுலேட்டர் கேட்டாலும் ஒரே சாமான்தான் வருகிறது. சிலிண்டர் பக்க மீட்டர் 0–315, டார்ச் பக்க மீட்டர் 0–16 பார். டபுள் ஸ்டேஜ் (அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைப்பது) கேட்டால் விலை எங்கேயோ போகிறது, அதுவும் ஆர்டர் போட்டால்தான். எல்.பி.ஜி.க்கு ஓட்டல் அடுப்பு ரெகுலேட்டரே போதும் என்கிறார்கள்.

டபுள் ஸ்டேஜ் அவசியமா? அந்த 0–16 மீட்டர் சரிப்படுமா? ஓட்டல் ரெகுலேட்டரில் ஓட்டலாமா?

கேஸ்கடை

தம்பி, டார்ச்சை முடிவு பண்ணிட்டு ரெகுலேட்டருக்கு வந்தீங்க பாருங்க, அதுதான் சரியான வரிசை. நிறையப் பேரு தலைகீழா வர்றாங்க.

கடையில நீட்டுறது கட்டிங் ஆளுங்களுக்கான சாமான். 25 மி.மீ. பிளேட்டு வெட்ட ஆக்சிஜன் மூணு, நாலு பார் வேணும். நிமிஷத்துக்கு எழுபது லிட்டர் போல ஓடும். உங்க டார்ச்சு கேக்குறது 0.3லேருந்து 0.5 பார், அஞ்சு லிட்டர். அதே ரெகுலேட்டர் இங்க வந்து மூணு இடத்துல இடறும்.

மீட்டர் முதல்ல. வெல்டிங் ரெகுலேட்டர் மீட்டருக்கு 2.5 வகுப்புன்னு போட்டிருக்கும். முழு அளவுல 2.5 சதவீதம் வரைக்கும் தப்புக் காட்டலாம்னு அர்த்தம். 16 பார் மீட்டர்னா 0.4 பார். நீங்க வைக்கப் போறதே 0.3. முள்ளு 0.3ல நிக்கும்போது உள்ள காத்தே வராம இருக்கலாம், 0.7 இருந்தாலும் இருக்கலாம். 2.5 பார் மீட்டர்னா தப்பு 0.06க்குள்ள அடங்கிடும்.

அடுத்தது ஸ்பிரிங். 10 பார் தள்ளுறதுக்குப் போட்ட தடி ஸ்பிரிங், ரெகுலேட்டர்ல அழுத்தம் வைக்கிற கைப்பிடியைக் கொஞ்சம் அசைச்சாலே கீழ் அளவுல பெருசாத் தாவும். கை எவ்வளவு பழகினாலும் 0.05 கணக்குல நகத்த முடியாது.

மூணாவது சீட்டு, அதாவது வால்வு உக்காந்து மூடுற இடம். பெரிய ஓட்டத்துக்கான துளை, அஞ்சு லிட்டருக்கு மயிரிழை அளவுதான் திறக்கும். அந்த நிலையில வால்வு நிலையா நிக்காம மூடித் திறந்து மூடித் திறந்து அதிரும். காதை வச்சா ரீங்காரம் கேக்கும், சுடர் நுனியும் துடிக்கும். டார்ச்சுல கோளாறுன்னு நாசிலை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

கடைக்காரர்கிட்ட ‘ஸ்டேஜ்’ பத்திக் கேக்காதீங்க. ‘வெளியே அதிகபட்சம் எத்தனை பார், மீட்டர் எத்தனை வரைக்கும்’னு கேளுங்க. 2.5 கிடைச்சா முதல் தரம், 4 பரவாயில்லை. ஐ.எஸ். 6901ங்கிற இந்தியத் தர முத்திரை இருக்கான்னும் பாத்துக்குங்க.

ஓட்டல் ரெகுலேட்டர் வேண்டாம். அதுல மீட்டரே கிடையாது, ஒரு குமிழ்தான். அடுப்புக்கு ஏத்த குத்துமதிப்பு ஓட்டம் குடுக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதைவிட மோசம், வெளிய வர்றது 30 மில்லிபார்தான். ஈக்வல் பிரஷர் டார்ச்சுக்கு அது காத்தே இல்ல. இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. எரிவாயு பக்கம் அழுத்தம் இல்லாம ஆக்சிஜன் பக்கம் அரை பார் நின்னா, நாசில் அடைபட்ட நேரத்துல ஆக்சிஜன் எரிவாயு ஓஸுக்குள்ள ஏறிடும். மீட்டரோட திருகி அளவு மாத்துற எல்.பி.ஜி. ரெகுலேட்டர், 0–2.5 பார், இடது மரை. அது வேணும்.

பித்தளைக்கம்பி

கேஸ்கடை அண்ணன் சொன்னதோடு முழுக்க உடன்பாடு. டபுள் ஸ்டேஜ் கேள்விக்கு மட்டும் ஒரு கணக்கு.

சிங்கிள் ஸ்டேஜின் குறை தெரிந்ததுதான்: சிலிண்டரில் அழுத்தம் இறங்க இறங்க வெளி அழுத்தம் ஏறும். உள் அழுத்தமும் வால்வை மூடும் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது குறைந்ததும் ஸ்பிரிங் கை ஓங்குகிறது. உள்ளே 10 பார் குறைந்தால் வெளியே சுமார் 0.05 முதல் 0.1 பார் ஏறுவது சாதாரணம். முழுச் சிலிண்டரில் வைத்த 0.3, அடிமட்டத்தில் 1 பாரைத் தாண்டிவிடும். இதைக் கேட்டதும் பலர் டபுள் ஸ்டேஜுக்கு ஓடுகிறார்கள்.

ஆனால் ஒரு முழு வேலைப்பொழுதில் எவ்வளவு இறங்குகிறது? 7 கன மீட்டர் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் மணிக்கு 300 லிட்டர். 300ஐ 46.7ஆல் வகுத்தால் 6.4 பார். சுடர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால்தான் இந்த இறக்கம். அதற்கு வெளியே ஏறுவது 0.03 முதல் 0.06 பார். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் எப்படியும் அழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்கிறோம். அங்கேயே இது தீர்ந்துவிடுகிறது.

எல்.பி.ஜி. பக்கம் அந்தப் பிரச்சினையே இல்லை. சிலிண்டருக்குள் திரவம் இருக்கும்வரை ஆவி அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. பாதி காலியானாலும் அதே அழுத்தம். எரிவாயுவுக்கு டபுள் ஸ்டேஜ் வாங்குவது வீண் செலவு.

வெள்ளிப்பற்று

கணக்கு சரிதான், பித்தளைக்கம்பி சார். முடிவில்தான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 0.3ல் 0.06 என்றால் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஓட்டத்தில் பத்து சதவீதம் போல. 56 சதவீத வெள்ளிக் கம்பி 618 டிகிரியில் உருகத் தொடங்கி 652ல் முழுக்க உருகிவிடும். அந்தக் கம்பிக்கான ஃப்ளக்ஸ் (உலோகத்தில் ஆக்சைடு படியாமல் காக்கும் பசை) தாங்கும் வரம்பும் குறுகல். நடுநிலையில் வைத்த சுடர் நம்மை அறியாமல் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்தால் ஃப்ளக்ஸ் சீக்கிரம் செத்துக் கறுத்துவிடும், லக் விளிம்பில் வெள்ளி ஓடாமல் உருண்டு நிற்கும். பித்தளைக் கம்பிக்கு லேசான ஆக்சிஜன் மிகை நல்லதே, துத்தநாகப் புகை குறையும். வெள்ளியில் அந்தச் சலுகை கிடையாது.

பி.பி. ஷெல் (பெடல் அச்சு உட்காரும் தடித்த குழாய்) வேலைக்குச் சுடர் நீண்ட நேரம் எரியும். அதைத் தொடர்ந்து செய்பவருக்கு டபுள் ஸ்டேஜ் கொடுத்த காசுக்கு வேலை செய்யும் என்பது என் கருத்து.

பித்தளைக்கம்பி

ஷெல் வேலை நீளம் என்பது சரி. ஆனால் பத்து சதவீத மாற்றம் ஒரு மணி நேரத்தில் மெல்ல வருகிறது. சுடரின் உள்கூம்பின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவர் டார்ச் வால்வை அரைக் கோடு திருப்பிவிடுவார். சுடரை உடனடியாகச் சாய்ப்பது வேறொன்று: வால்வைத் திறந்ததும் வரும் தொய்வு. டார்ச் மூடியிருக்கும்போது 0.4 காட்டும் ரெகுலேட்டர், ஓட்டம் தொடங்கியதும் 0.25க்கு இறங்கும். பெரிய டயாஃப்ரமும் (அழுத்தத்தை உணரும் சவ்வு) மெல்லிய ஸ்பிரிங்கும் இருந்தால் தொய்வு குறையும். டபுள் ஸ்டேஜ் என்ற எழுத்து மட்டும் அதைக் குறைக்காது. 10 பார் ஸ்பிரிங் போட்ட டபுள் ஸ்டேஜும் சந்தையில் இருக்கிறது. அதைவிட 2.5 பார் சிங்கிள் ஸ்டேஜ் நமக்கு மேல்.

வெள்ளிப்பற்று

தொய்வு விஷயத்தில் மறுப்பு இல்லை. டபுள் ஸ்டேஜ் வாங்கினாலும் வெளி அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ரெண்டுசக்கரம்

அப்படியானால் 0–16 ரெகுலேட்டரையே வாங்கி, டார்ச் பக்க மீட்டரை மட்டும் கழற்றிவிட்டு 0–2.5 மீட்டர் மாட்டினால்? மரை ஒன்றுதான் போலிருக்கிறது.

கேஸ்கடை

மாட்டாதீங்க தம்பி. மரை உக்காரும், ஆனா ரெகுலேட்டரால 10 பார் தள்ள முடியும். கைப்பிடியை யாராவது தெரியாம ஒரு சுத்து திருகினாலோ, சீட்டு கசிஞ்சாலோ, 2.5 மீட்டருக்குள்ள இருக்குற வளைகுழாய் விரிஞ்சு மீட்டரே வெடிக்கும். இன்னொன்னு, கடையில கிடைக்கிற சாதா மீட்டரை எண்ணெய் வச்சு சோதிச்சிருப்பாங்க. உள்ள துளி எண்ணெய் இருந்து ஆக்சிஜன் பட்டா தீ. ஆக்சிஜன் மீட்டர்ல ‘எண்ணெய் கூடாது’ன்னு முகப்புலயே குறி இருக்கும்.

ஏற்கெனவே பெரிய ரெகுலேட்டர் கையில இருந்தா ஒரு வழி இருக்கு. அதை 3 பார்ல வச்சுட்டு, அடுத்தால ஆக்சிஜனுக்கான 0–2 பார் லைன் ரெகுலேட்டர் ஒண்ணை மாட்டிக்குங்க. ரெண்டு கட்டமாக் குறையும், ஏறக்குறைய டபுள் ஸ்டேஜ் கணக்குதான். லைன் ரெகுலேட்டர் ஆக்சிஜனுக்குன்னு சுத்தம் பண்ணினதா இருக்கணும். கம்ப்ரெசருக்குப் போடுற காத்து ரெகுலேட்டர் விலை கம்மின்னு அதை எடுத்துடாதீங்க, அதுக்குள்ள கிரீஸ் இருக்கும்.

மரைஅளவு

குறுக்கே ஒரு கேள்வி. டார்ச் இன்ஜெக்டர் வகையாக இருந்தால்?

பித்தளைக்கம்பி

அப்போது இந்த இழையில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. இன்ஜெக்டரில் ஆக்சிஜன் 1.5 முதல் 2.5 பாரில் பாய்ந்து எரிவாயுவை உறிஞ்சி எடுக்கிறது. எரிவாயுப் பக்கம் 0.1 முதல் 0.5 போதும். ஆக்சிஜனுக்கு 0–10 மீட்டர் இருந்தாலே தாராளம். டார்ச் கைப்பிடியில் எந்த வகை என்று எழுதவில்லை என்றால் சோதிப்பது எளிது. எரிவாயு ஓஸைக் கழற்றிவிட்டு, டார்ச்சின் இரண்டு வால்வையும் திறந்து, ஆக்சிஜனை மட்டும் ஓடவிட்டு, எரிவாயு முனையில் சுத்தமான விரலை வையுங்கள். உறிஞ்சினால் இன்ஜெக்டர். வெளியே ஊதினால் ஈக்வல் பிரஷர்.

ஸ்கார்பரோ

தம்பி, நான் எழுதுறது கனடாக் கணக்கு. இஞ்ச பெடியள் புறோப்பேனில வேலை செய்யேக்க ஒரு இடத்தில பிழை விடுகினம். ஒட்சிசன் சிலிண்டர் வாய் சி.ஜி.ஏ. 540 (இஞ்சத்தை மரை இணைப்புக்கான எண்), அதில குழப்பம் இல்லை. சி.ஜி.ஏ. 510 எண்டது பார்பிக்யூ புறோப்பேன் சிலிண்டருக்கும் பெரிய அசெற்றிலீன் சிலிண்டருக்கும் ஒரே இடது மரை. பழைய அசெற்றிலீன் றெகுலேற்றரைக் கொண்டுவந்து புறோப்பேனில மாட்டினால் வடிவா இருக்கும். மரை பொருந்தினது காஸ் பொருந்தினதுக்குச் சாட்சி இல்லை. தகட்டில புறோப்பேனுக்கும் எண்டு எழுதியிருந்தால் மட்டும் பாவியுங்கோ. எழுதாட்டி உள்ளுக்கை கிடக்கிற றப்பர் அந்தக் காஸைத் தாங்குமோ எண்டு வெளியில இருந்து சொல்லேலாது.

ஹோசும் அப்பிடித்தான். ஆர் தரம் அசெற்றிலீனுக்கு மட்டும், ரீ தரம் எல்லா எரிவாயுவுக்கும். ஆர் ஹோசில புறோப்பேன் விட்டால் உள் றப்பர் ஊறித் துகள் துகளாக் கழண்டு ரோர்ச்சுக்குள்ள போய் அடைக்கும்.

அசெற்றிலீன் தான் வேணும் எண்டு நிக்கிற ஆக்களுக்கு: சின்ன எம்.சி. சிலிண்டர் 10 கன அடி, ஏறக்குறைய 280 லீற்றர். மணித்தியாலத்துக்கு ஏழில ஒரு பங்குக்கு மேல இழுக்கக் கூடாது எண்ட பழைய விதிப்படியே 40 லீற்றர்தான் வரும், இப்ப பத்தில ஒரு பங்கு எண்டுதான் சொல்லினம். பி.பி. ஷெல் சூடாக்க அது காணாது. மேல இழுத்தால் அசெற்றோன் சேர்ந்து வரும், சுடர் நிறம் மாறும், றெகுலேற்றர் சீற்றையும் அரிக்கும். அது றெகுலேற்றர் மாத்தித் தீர்க்கிற வருத்தம் இல்லை. பெரிய சிலிண்டருக்குப் போங்கோ, இல்லாட்டி புறோப்பேனுக்கு மாறுங்கோ. வெளி அழுத்தம் ஒருநாளும் 15 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது, அசெற்றிலீன் றெகுலேற்றர் மீற்றரில அதுக்கு மேல சிவப்புக் கோடு போட்டிருப்பினம்.

ரெண்டுசக்கரம்

ஸ்கார்பரோ அண்ணா, நன்றி. இங்கேயும் டி.ஏ. (அசிட்டிலீன்) சிலிண்டரும் எல்.பி.ஜி. ரெகுலேட்டரும் இடது மரைதான், அதனால் அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்துகிறது. ஓஸ் ஆரஞ்சு நிறம் வாங்கச் சொன்னார்கள்.

இன்னொரு யோசனை: கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் மெஷின்கள்) இப்போது பழசாக விற்பனைக்கு வருகின்றன. 5 லிட்டர் மெஷின். அதை வைத்தால் ஆக்சிஜன் ரெகுலேட்டரே வேண்டாமா?

வெள்ளிப்பற்று

வேண்டாம். அழுத்தத்தை மெஷினே குறைத்துத்தான் அனுப்புகிறது. வெளிவருவது பெரும்பாலும் 0.35 முதல் 0.55 பார், அதற்குப் பின் ரெகுலேட்டர் வைத்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அமெரிக்காவில் ஃப்ரேம் கட்டுபவர்கள் பலர் புரோப்பேனோடு இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

எவ்வளவு சூடு கிடைக்கும் என்று பாருங்கள். புரோப்பேன் ஒரு பங்குக்கு ஆக்சிஜன் ஏறக்குறைய நாலு பங்கு. 5 லிட்டர் ஆக்சிஜன் 1.25 லிட்டர் புரோப்பேனை எரிக்கும். அது சுமார் 1.9 கிலோவாட். லக், பிரேஸ் ஆன் (ஃப்ரேமில் ஒட்டும் சின்னத் துண்டுகள்), டிராப்அவுட் (சக்கர அச்சு மாட்டும் முனை) எல்லாம் ஓடும். பி.பி. ஷெல்லில் பித்தளை ஃபில்லட் (மூலையை நிரப்பும் வளைவு) போடத் திணறும். 10 லிட்டர் மெஷின் அல்லது சிலிண்டர் வேண்டும்.

மூச்சுக்கான ஈரப்பதப் புட்டியைக் கழற்றிவிடுங்கள், நீராவி டார்ச்சுக்குப் போக வேண்டாம். மெஷின் அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகிறது. ஃப்ளக்ஸ் புகைக்குப் பக்கத்தில் வைத்தால் வடிகட்டி கெட்டு, பிறகு உள்ளே நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட்டும் கெடும். ஆக்சிஜன் சதவீதம் காட்டும் அனலைசரில் பார்க்காமல் பழைய மெஷின் வாங்காதீர்கள். நல்ல நிலையில் 90க்கு மேல் காட்டும். அடைத்து வைத்துக் கிடந்த மெஷினில் சியோலைட் ஈரம் குடித்திருந்தால் 80க்குக் கீழே இறங்கும். சுடர் எரியும், ஆனால் சோம்பலாக, உள்கூம்பு நீண்டு மங்கலாக இருக்கும்.

கேஸ்கடை

அதோட ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், சுடர் ஓஸ் வழியா பின்னால ஏறாம தடுக்கிறது. அழுத்தம் கம்மின்னு சொல்லி அதைக் கழட்டிடுறாங்க, செய்யக் கூடாது. எரிவாயு பின்னால ஏறி அந்த மெஷினுக்குள்ள ஆக்சிஜனோட கலந்தா கதை முடிஞ்சது. அரெஸ்டர் வாங்கும்போது ஓட்ட வரைபடம் கேளுங்க, 0.4 பார்ல அஞ்சு லிட்டர் விடுமான்னு பாருங்க. சின்ன அரெஸ்டர் சிலது அந்த அழுத்தத்துல பாதியைத் தானே முழுங்கிடும்.

சிலிண்டர்ல ஓட்டுறவங்களுக்கு ரெகுலேட்டர் பக்கம் ரெண்டுலயும் அரெஸ்டர், டார்ச்சு பக்கம் ரெண்டுலயும் ஒருவழி வால்வு. ஐ.எஸ். 11006 முத்திரை பாத்து வாங்குங்க. அரெஸ்டர் போட்டதும் டார்ச்சுக்கு வர்ற அழுத்தம் மீட்டர்ல காட்டுறதைவிடக் குறையும், மீட்டர்ல 0.1 கூட வைக்க வேண்டி வரலாம்.

ரெண்டுசக்கரம்

நல்லது. ஆரம்பத்தில் எந்த அளவில் வைப்பது? எந்த வரிசையில்?

பித்தளைக்கம்பி

1.0 மி.மீ. நாசிலுக்கு எல்.பி.ஜி. 0.2, ஆக்சிஜன் 0.4 பாரில் தொடங்குங்கள். டார்ச் தயாரித்தவர் அட்டவணை கொடுத்திருந்தால் அதுவே முதலில்.

மாட்டும் முன் சிலிண்டர் வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடி, வாயில் உள்ள தூசியை ஊதித் தள்ளுங்கள். எல்.பி.ஜி.யில் இதைச் செய்ய வேண்டாம். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் குமிழ் மூக்கு உலோகத்தோடு உலோகம் பொருந்துவது. அங்கே டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, டேப்பின் துணுக்கு உள்ளே போய்ச் சீட்டில் உட்காரும். கைப்பிடியை முழுக்கத் தளர்த்திய பிறகுதான் சிலிண்டர் வால்வு, அதுவும் மெதுவாக, மீட்டர் முன்னால் நிற்காமல். சட்டென்று திறந்தால் 150 பார் ஆக்சிஜன் சின்ன இடத்தில் அமுங்கி அங்கே உள்ளதைக் கொளுத்தும் அளவுக்குச் சூடேறும். ரெகுலேட்டர் எரிந்துபோகும் விபத்துகளுக்கு இது முக்கியமான காரணம்.

பிறகு அளவு. டார்ச்சின் ஒரு வால்வை மட்டும் வேலை அளவுக்குத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருகி அழுத்தம் வையுங்கள், பிறகு மூடுங்கள். அடுத்த வாயுவுக்கும் அதேபோல், தனியாக. காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. மூடிய நிலையில் வைத்த அளவில் தொய்வு சேராது, அதனால்தான் இந்தத் தொல்லை. வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடி, ஓஸைக் காலி செய்து, கைப்பிடியைத் தளர்த்திவிடுங்கள்.

அணைக்கும்போது முதலில் எரிவாயுவா ஆக்சிஜனா என்று தயவுசெய்து இங்கே யாரும் தொடங்க வேண்டாம். டார்ச்சின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

மரைஅளவு

0.8 நாசிலில் ‘டப் டப்’ என்று சுடர் உள்ளே போய்வருகிறது. 0.15 பாரில் வைத்திருக்கிறேன். அழுத்தம் அதிகமா?

வெள்ளிப்பற்று

குறைவு. கலவை வெளியேறும் வேகத்தைவிடச் சுடர் பின்னால் ஓடும் வேகம் அதிகமாகும்போது அந்தச் சத்தம் வரும். சுடரைச் சின்னதாக்க டார்ச் வால்வை நெரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாசிலின் கீழ் எல்லையைத் தாண்டினால் எந்த ரெகுலேட்டரும் காப்பாற்றாது, சின்ன நாசிலுக்கு மாறுங்கள். ஷெல்லும் செயின்ஸ்டேயும் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) சேரும் மூலையில் மட்டும் வந்தால் காரணம் வேறு: வெப்பம் திரும்பி அடித்து நாசில் காய்கிறது. டார்ச்சைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்.

ரெண்டுசக்கரம்

கடைசியாக ஒன்று. பழைய 0–4 பார் ஆக்சிஜன் ரெகுலேட்டர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

கேஸ்கடை

மரையையும் மூக்கையும் வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. எண்ணெய்க் கறை ஒட்டினா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க, கழுவிப் பயன்படுத்துற யோசனை வேண்டாம். ரெண்டு மீட்டர் முள்ளும் பூஜ்யத்துல இருக்குற தடுப்பு ஊசியை ஒட்டி நிக்கணும். கைப்பிடி தளர்வா, கரகரப்பு இல்லாம சுத்தணும்.

அப்புறம் சிலிண்டர்ல மாட்டி, கைப்பிடியை முழுக்கத் தளர்த்தி, வால்வைத் திறங்க. வெளி மீட்டர் அசையவே கூடாது. டார்ச்சு வால்வை மூடி 0.3 வச்சு அஞ்சு நிமிஷம் முள்ளையே பாருங்க. 0.35, 0.4னு நகந்துக்கிட்டே போனா சீட்டு போச்சு. உள்ள தூசி இருக்கலாம், இல்ல வெட்டு விழுந்திருக்கலாம். அடுத்து சிலிண்டர் வால்வை மூடிப் பாருங்க. சிலிண்டர் பக்க முள்ளு இறங்கினா எங்கயோ கசிவு. எண்ணெய் கலக்காத கசிவு சோதனைத் திரவத்தைக் கைப்பிடிக்குக் கீழ இருக்குற மூடித் துளையில தடவுங்க, அங்க நுரைச்சா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு.

சீட்டு, டயாஃப்ரம் கிட்டு கிடைக்கிற மாடல்னா விலையைக் குறைச்சு வாங்கி, ரிப்பேர் பண்றவங்ககிட்ட குடுத்து மாத்திக்கலாம். கிட்டு கிடைக்காத மாடல்னா சும்மா குடுத்தாலும் எடுக்காதீங்க.